ஆளில்லாத முன் இருக்கை

பழைய விமானங்களைச் செப்பனிட்டுப் பறக்க வைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் எஞ்சினைப் பற்றி நிறைய இருக்கிறது. சிறகுக்குத் துணி போர்த்துவது இருக்கிறது. மரச்சட்டத்தில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்பதுகூட இருக்கிறது. பயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது 1996 தை அமாவாசை, சனிக்கிழமை. நாளும் கிழமையும் சொல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர். அவரிடம் ஒரு வினோதமான வழக்கம் இருந்தது. மேலே ஏதாவது கோளாறு வந்தால் கையை அசைக்கும் முன் வாயைத் திறக்க வேண்டும் என்பார். கண்ணுக்குத் தெரிவதையும் கைக்குத் தட்டுப்படுவதையும் மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். "எஞ்சின் போச்சு" என்றால் திட்டுவார். "அது நீ எடுத்த முடிவு. நான் முடிவக் கேக்கல. சத்தம் குறைஞ்சுதா, முள்ளு இறங்குச்சா, அதச் சொல்லு." அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை ரேடியோ கமெண்டரி என்று கூப்பிட்டோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இனி விமானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம் அது, டைகர் மாத் என்ற ரகம். மேலொன்று கீழொன்றாக இரட்டைச் சிறகு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், இரண்டுக்கும் கூரை கிடையாது. வாங்கியவர் முத்துசாமி அண்ணன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையும் வைத்திருந்தவர். இளவயதில் பறக்கக் கற்றவர். மூடிப்போன ஒரு பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த அந்த எலும்புக்கூட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, பல்லடம் பக்கம் ஒரு மில்லுக்குச் சொந்தமான ஓடுதளத்தின் ஓரத்தில் கொட்டகை போட்டு இறக்கினார். நானும் மெக்கானிக் தங்கவேலும் வருடக்கணக்கில் அதில் வேலை செய்தோம். ஞாயிறு தவறாமல் அண்ணன் வருவார். எஞ்சின்கூட மாட்டாத விமானத்தின் முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சிகரெட் பிடித்துவிட்டு இறங்குவார்.

"ஏனுங்கண்ணா, எந்த ஊருக்குங் போயிட்டு வந்தீங்க?" என்பான் தங்கவேல்.

"கோபிசெட்டிபாளையம் வரைக்குமுங் போனேன். காத்து செரியில்ல, திரும்பீட்டேன்."

முந்தைய ஐப்பசியில், தூக்கத்திலேயே, அண்ணன் இறந்துபோனார். விமானம் மார்கழியில் தயாரானது.

அவர் மனைவி சரஸ்வதி அக்கா அதுவரை கொட்டகைக்கு ஓரிரு முறைதான் வந்திருப்பார். தை அமாவாசையன்று விமானத்தின் முன்னால் அண்ணனுக்குப் படையல் போட வேண்டும், அது முடிந்ததும் விமானம் அவர் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்றார். தோப்பில் ஆட்கள் எல்லோரும் காத்திருப்பார்கள். "அவுரு ஆசப்பட்டதுங்க தம்பி. ஒரே ஒரு சுத்து," என்றார்.

காலையிலேயே பறந்துவிடலாம் என்று திட்டம். வெயில் ஏறினால் அந்த விமானம் காற்றில் குதிக்கும். கீழ்ச் சிறகின் நிழலில் மணை போட்டு அண்ணனின் படம், சோறு, வடை, கச்சாயம் என்ற வெல்லப் பலகாரம், ஒரு பாக்கெட் சிகரெட், மடிப்புக் கலையாத புது எட்டு முழ வேட்டி எல்லாம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அக்கா ஒரு வாழையிலையில் சோறு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்கு வெளியே வைத்தார். காக்கை தொட்டால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம், நான் பறக்கலாம்.

காக்கை வரவில்லை.

தங்கவேல் என் பக்கம் சாய்ந்தான். "எப்புடீங் வரும்? விடியறதுல இருந்து வாட்ச்மேன உட்டு வெடி போட்டுத் தொரத்தியிருக்கறமுங் சார். இந்தத் தாலூக்காவுலயே காக்கா இல்லீங்."

அது எங்கள் வழக்கம். பறக்கும் நாளில் ஓடுதளத்தைச் சுற்றிப் பறவை இருக்கக் கூடாது. படையலுக்குக் காக்கை வர வேண்டும் என்பதும் வழக்கம்தான். இரண்டும் ஒரே நாளில் மோதும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"வாய மூடிட்டு இரு," என்றேன்.

"நான் வேண்ணா அந்தப் பக்கம் போயி நின்னு கா கான்னு கத்தட்டுங்களா?"

நேரம் போனது. கடைசியில் தங்கவேலே தாங்காமல் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டான். "அக்கா, நாங்கதானுங் வெடி வெச்சுத் தொரத்துனோம். அதுனாலதானுங் வல்ல."

அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தார். "வெடிக்கா பயப்படும்? ஆச தீராதவுங்க சோத்தத் தொடமாட்டாங்க கண்ணு."

உச்சி நெருங்கிவிட்டது. உச்சிப்பொழுதில் கிணற்றுப் பக்கம் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே என்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைத் தடுப்பார்கள். படித்தவன், நம்பிக்கை இல்லாதவன் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த ஓடுதளத்தில், வெயிலில், ஒரு பறவைச் சத்தம்கூட இல்லாமல் இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி. அவுரு வேற வழியில வருவாருங்க," என்றார் அக்கா. பிறகு விமானத்தின் பக்கத்தில் சற்று நேரம் தனியாக இருக்க வேண்டும் என்றார். நாங்கள் விலகிப் போனோம்.

திரும்பி வந்து விமானத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். இந்த ரகத்தைத் தனியாக ஓட்டுபவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் எடை சமமாக நிற்கும். முன் இருக்கை காலியாக இருக்கும். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கைத்தண்டு, ஸ்டிக், இருக்கைக்கு ஒன்று உண்டு. இரண்டும் அடியில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் ஆளில்லாத முன் இருக்கையின் பெல்ட் தொங்கி ஸ்டிக்கில் மாட்டக் கூடாது, மெத்தையின்மேல் இறுக்கிப் பூட்டியிருக்க வேண்டும். எட்டிப் பார்த்தேன். இரண்டு தோள்பட்டைகளும் இரண்டு இடுப்புப்பட்டைகளும் மெத்தையின்மேல் வரிசையாகப் பூட்டியிருந்தன. ஏறினேன்.

கோவை நகரத்தை வலப்பக்கம் விட்டு மேற்கே போய், மதுக்கரை சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்ததும் வடமேற்கே திரும்பினேன். அங்கேதான் முதலில் கேட்டது.

இரண்டு இருக்கைக்கும் இடையே பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. அந்தக் காலத்தில் ரேடியோ கிடையாது. முன்னால் இருப்பவர் குழாயில் பேசினால் பின்னால் இருப்பவரின் தொப்பியில், காதோரம் கேட்கும். முன்பக்கக் குழாய் வாயில் காற்றுப் பட்டால் புஸ்ஸென்று ஊதும். அது எனக்குப் பழக்கம்தான். அன்று கேட்டது அப்படித் தொடர்ச்சியாக இல்லை. வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. தூங்குகிறவர் பக்கத்தில் படுத்திருந்தால் கேட்பது போல.

குழாயின் மூடி தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நான் எடுத்த முடிவு என்பது அப்போது உறைக்கவில்லை.

தோப்பு வந்தது. வெள்ளிங்கிரி மலை மேகம் மூடி நின்றது. கீழே கிணற்றைச் சுற்றி ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். உயரத்தைக் குறைத்து, அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இடப்பக்கம் சாய்ந்து சுற்றத் தொடங்கினேன்.

முன் இருக்கையில் இருந்து ஒன்று எழுந்தது.

வெள்ளையாக, முதலில் விரல் நுனி அளவுக்கு, விளிம்புக்கு மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிறகு மறுபடி வந்தது. இந்த முறை உள்ளே போகவில்லை. உப்பியது. தோள் வந்தது, அதற்கு மேல் தலை போல ஒரு திரட்சி வந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில், இப்படியும் அப்படியும் கீழே குனிந்து பார்த்தது. உச்சி வெயிலில் அதன் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. காதில் அந்த மூச்சு நின்றுபோயிருந்தது.

அப்போது ஸ்டிக் என் கையில் அசைந்தது. யாரோ முன்னால் இருந்து தன் பக்கம் இழுப்பது போல, அவசரமில்லாமல், பின்னால் வந்தது. விமானத்தின் மூக்கு மேலே ஏறியது.

உங்களுக்கு அதன் ஆபத்து தெரியும். மூக்கு ஏறிக்கொண்டே போனால் வேகம் செத்து, ஒரு கட்டத்தில் சிறகு தாங்காமல் விமானம் விழும். நான் இருந்த உயரத்தில் விழுந்தால் எடுத்து நிமிர்த்த இடமில்லை. கீழே ஆட்கள் வேறு.

என் உடம்பு இரண்டு காரியங்களைச் செய்யத் துடித்தது. எஞ்சினை முழுசாகத் திறந்து அங்கிருந்து ஓட வேண்டும். ஸ்டிக்கை இரண்டு கையாலும் முன்னால் குத்த வேண்டும். செய்தேன். மூக்கு இறங்கி வேகம் கூடியதும் இழுப்பு இரண்டு மடங்கானது. என்னைவிட பலசாலி ஒருவருடன் மல்லுக்கட்டுவது போல இருந்தது.

அந்தக் கமெண்டரிக்காரர் எங்கிருந்தோ நினைவுக்கு வந்தார். வாயைத் திறந்தேன். வாய்க்கு எதிரே குழாய். நான் பேசியதெல்லாம் முன் இருக்கைக்குப் போனது.

"வெள்ளையா ஒண்ணு. முன்னால. தலை உயரத்துல." குரல் என்னுடையது போல இல்லை. "ஸ்டிக் பின்னால வருது. நான் இழுக்கல. மூக்கு ஏறுது. முன்னால தள்ளறேன். வேகம் கூடுது. வேகம் கூடினா இழுப்பு கூடுது."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. வேகம் கூடினால் இழுப்பு கூடுகிறது. பேயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேகத்தோடு கூடிக் குறைவது காற்று. காற்றைப் பற்றி எனக்குத் தெரியும்.

எஞ்சினைத் தணித்தேன். ஓடத் துடிக்கிற உடம்பை மெதுவாகப் போக வைப்பதைவிடக் கடினமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை.

இன்னொன்றும் செய்தேன். பயிற்சியில் ஒரு முறை உண்டு. கட்டுப்பாட்டை எடுப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்டதும் மற்றவர் கையை விட்டுவிட வேண்டும். அதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. "அண்ணா, நான் எடுத்துக்கறேனுங்க. கைய எடுங்க."

ஸ்டிக் விடுபட்டது.

எஞ்சினைத் தணித்தது முந்தியா, அந்த வார்த்தை முந்தியா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எந்த நிகழ்ச்சிக்குப் பின் எது வந்தது என்று வரிசைப்படுத்துவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவன் நான். அந்த இரண்டை மட்டும் என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை.

வெள்ளை உருவம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நீளமாக ஏதோ அவிழ்ந்து என் முன் கண்ணாடியில் அறைந்து, வழுக்கி, விமானத்தின் பக்கவாட்டில் தொங்கியது. அப்போதுதான் ஓரத்தில் இருந்த கரையைப் பார்த்தேன். மயில்கண் கரை. வேட்டி.

விழுந்துவிடாத அளவுக்கு வேகம், இழுக்காத அளவுக்கு நிதானம் என்று ஓடுதளத்துக்குத் திரும்பினேன். வழி முழுவதும் அந்தத் துணியின் ஒரு முனை விளிம்பில் படுத்துக்கொண்டு, அவ்வப்போது நிமிர்ந்து, இருக்கையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வந்தது. அது வேட்டி என்று தெரிந்த பிறகும் அதைப் பார்க்காமல் இருக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

இறங்கியதும் தங்கவேல் ஓடி வந்தான். முன் இருக்கையை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங் சார், யாரு வேட்டிங் இது?"

"படையல்ல வெச்சது."

பெல்ட் நான்கும் பூட்டியபடியே இருந்தன. வேட்டியின் ஒரு பகுதி இன்னும் மெத்தைக்கு அடியில் அகப்பட்டிருந்தது. நடுப்பகுதி ஸ்டிக்கை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. மெத்தைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்திருக்கிறது. அது குழாயின் வாயை மூடி மூடித் திறந்திருக்கிறது. தங்கவேல் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டினான்.

அப்போது மில் அலுவலகத்தில் இருந்து அக்கா வேகமாக வந்தார். அவர் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தங்கவேல் வேட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"தம்பி, தோப்புல இருந்து போன் பண்ணுனாங்க. ரங்கன் பண்ணுனான். அத்தன பேரும் பாத்தாங்களாமுங்க. முன்னால அவுரு ஒக்காந்திருந்தாராமா. எட்டிப் பாத்தாராமா. துண்ட எடுத்து வீசுனாராமுங்க!" கண்ணீர் வழிந்தது. முகம் மலர்ந்திருந்தது. "நான் ஒக்கார வெச்சுத்தானுங்க அனுப்புனேன். காக்கா வல்லைன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவுரு ஏறிப்போட்டாருங்க தம்பி."

தங்கவேல் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சொல்லிப்போடாதீங் சார்," என்றான் கிசுகிசுப்பாக. "எத்தன மாசத்துக்கப்பறம் சிரிக்கறாங்க பாருங். இனிமே நாம மெத்தையத் தூக்கிப் பாத்துக்கிட்டாத் தீந்துது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். மேலே இருந்ததைவிடக் கீழே நின்ற அந்தச் சில நொடிகள்தான் எனக்குப் பெரிய சோதனை. ஆனால் அதிசயம் ஒருமுறையோடு நிற்பதில்லை. அடுத்த அமாவாசைக்கு வேட்டியோடு மாலையும் தேங்காயும் வரும். அவருக்குப் பிடித்த கச்சாயம் டப்பாவோடு வரும். நாங்கள் மெத்தையைத் தூக்கினால் வேறு இடத்தில் வைப்பார்கள், அன்போடு, யாருக்கும் தெரியாமல். பின் இருக்கையில் நான்தான் இருப்பேன் என்று என்ன நிச்சயம்?

தங்கவேல் கையில் இருந்து வேட்டியை வாங்கினேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஒரே முறையில்தான் சொன்னேன். பார்த்ததை மட்டும்.

"அக்கா, வேட்டி வெளிய வந்துதுங்க. ஸ்டிக்கச் சுத்திக்கிச்சுங்க. மூக்கு மேல போச்சுங்க. என்னால அமுத்த முடியல. இன்னுங் கொஞ்சம் போயிருந்தா தோப்பு மேலயே உழுந்திருப்பனுங்க."

அக்கா வேட்டியைப் பார்த்தார். கரையில் எஞ்சின் எண்ணெய் தெறித்திருந்தது.

"நான் பெல்ட்டு போட்டேனுங்களே," என்றார். "போடாம உட்டாத்தான் ஆபத்துன்னு அவுரு சொல்லுவாரு. அவுரு போடற மாதரயே போட்டேனுங்களே."

"நல்லாத்தானுங்க போட்டிருந்தீங்க."

"அப்ப நானே உங்களக் கொன்னு போட்டிருப்பேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். தங்கவேல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா வந்த வழியே அலுவலகத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். போனை எடுத்துத் தோப்புக்குப் பேசினார்.

"ரங்கா, எல்லாருத்துகிட்டயும் சொல்லிப்போடு. அது உங்க பண்ணாடி இல்ல. வேட்டி. நாந்தான் வெச்சேன். அதுனால தம்பி உசுரு போகப் பாத்துச்சு. இனி யாரும் அவுரு வந்தாருன்னு பேசக்கூடாது, கேட்டுக்க."

பழைய போன். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"செரிங் அம்மணி. வேட்டிங்களா. செரிங் செரிங்." கொஞ்சம் நிறுத்தி, தயங்கி, "வெரலு தெரிஞ்சுதுங்களே, அம்மணி," என்றான் ரங்கன்.

அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றார். பிறகு மெதுவாக வைத்துவிட்டார். ரங்கன் சொன்னது எனக்குக் கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டது என்று நானும் சொல்லவில்லை.

பரிசோதனை என்பது கண்ணால் செய்வது என்று அன்றுவரை நான் நம்பியிருந்தேன். முன் இருக்கை என் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்தது. கையை விட்டுத் துழாவினால்தான் தெரிந்திருக்கும். இயந்திரத்தை நேசிக்காதவர்கள் அதற்குச் செய்யும் கெடுதலை எளிதில் கண்டுபிடிக்கலாம். நேசிக்கிறவர்கள் செய்வது ஒழுங்காக, பெல்ட் போட்டு, மடிப்புக் கலையாமல் இருக்கும். இந்த வேலையில் உங்களைச் சுற்றி இருக்கப்போவது பெரும்பாலும் நேசிக்கிறவர்கள்தான். பயம் வந்தால் பேசுங்கள். பார்த்ததைப் பேசுங்கள். கீழே இறங்கிய பிறகும் அதையே பேசுங்கள்.

மெத்தையைக் கழற்றிவிட்டோம். தனியாகப் பறக்கும்போது முன் இருக்கையில் வெறும் தகடும் பெல்ட்டும்தான். அக்கா விமானத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று ஒவ்வொரு தை அமாவாசைக்கும் தோப்பிலேயே படையலை முடித்துக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்துவிடுவார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்குவேன். அவர் வெறுங்கையோடு சிறகில் ஏறி நின்று, முன் இருக்கையில் தோள்வரை கையை விட்டு, தகட்டின்மேலும் அடியிலும் பின்னாலும் ஒரு மூலை விடாமல் தடவிப் பார்ப்பார். எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். நான் அவசரப்படுத்தியதில்லை. கடைசியில் கையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொல்வார்:

"யாருமில்லீங்க தம்பி. போயிட்டு வாங்க."